ஊர்க்கோழியின் நோயெதிர்ப்பு வலிமையும் வளர்ப்பு முறையும்

ஊர்க்கோழிக்கு நோய் வராதென்னும் நம்பிக்கை நம் கமக்காரரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. சீமைக்கோழிக்குத்தான் ஊசியும் மருந்தும் வேண்டும், ஊர்க்கோழி குப்பையைக் கிளறித் தானாகவே பிழைத்துக்கொள்ளும் என்பர். இதிற் பாதி உண்மையே. மற்றப் பாதியை நம்பியிருந்து, ஒரே கிழமைக்குள் தம் வளவு வெறுமையானதைக் கண்ட குடும்பங்கள் பல.

ஊர்க்கோழி என நாம் குறிப்பிடுவது ஒரு தனி இனமன்று. எவரும் தெரிந்தெடுத்துப் பெருக்காமல், பல தலைமுறைகளாகத் தாமாகவே கூடிப் பெருகிய பல நிறமும் பல உருவமுமுள்ள கோழிகளுக்கே அப்பெயர் வழங்குகின்றது. கழுத்தில் இறகில்லாதவை, இறகு சுருண்டவை, கொண்டை பெருத்தவை, கால் குட்டையானவை என ஒரே வளவில் நாலு வகையைக் காணலாம். வெயிலையும் பட்டினியையும் தாங்க முடியாதவை குஞ்சுப் பருவத்திலேயே கழிந்துபோக, தாங்கியவை எஞ்சி முட்டையிட்டன. கழுத்தில் இறகில்லாத கோழியில் அத்தன்மையைத் தரும் பரம்பரையலகு தாய், தந்தை ஆகிய இரு பக்கத்தாலும் வந்திருப்பின், அதன் இறகு மற்றக் கோழியினதிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு குறைவாயிருக்கும். ஆகவே அது உலர் வலயத்தின் கோடையை எளிதாகத் தாங்குகின்றது. இவை பிறப்போடு வந்த நன்மைகள். ஆனால் நோயை எதிர்க்கும் வலிமையிற் பெரும்பகுதி, குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவந்த பின்னர், அது நடக்கும் நிலத்திலும் உறங்கும் இடத்திலும் உருவாகின்றது. வளர்ப்பு முறையை மாற்றினால் அவ்வலிமையும் மாறும். இதை மறப்பதால் வரும் இழப்பை இதை எழுதுபவன் தன் பிழையினாலேயே அறிந்தான்.

ஒரு கொட்டிலில் நடந்தது

நான் பணியேற்ற இரண்டாம் ஆண்டில், வன்னியிலுள்ள ஒரு கிராமத்திற் கணவனையிழந்து மூன்று பிள்ளைகளை வளர்த்துவந்த ஓர் அம்மையார், தம் கோழிகளைப் பெருக்குவதற்கு வழி கேட்டார். அப்போது அவரிடம் 14 கோழிகள் இருந்தன. பகலில் அவை வளவெங்கும் மேய்ந்து, இரவில் வேப்பமரத்தில் ஏறித் தங்கின. பொரிக்கும் குஞ்சுகளிற் பாதியைக் கீரியும் பருந்தும் காகமும் கொண்டுபோயின. பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் முட்டைக் காசையே அவர் நம்பியிருந்தார்.

நான் கூறியது நூலிற் படித்த வழி. குஞ்சுகளைத் தாய்க்கோழியிடமிருந்து பிரித்துக் கம்பிவலைத் தளமுள்ள உயர்ந்த பெட்டியில் ஐந்து கிழமை வளர்க்கும்படியும், பின்னர் கிடுகால் வேய்ந்த கொட்டிலில் உமி பரப்பி அதற்குள் அடைக்கும்படியும் சொன்னேன். அயலாரின் அடைக்கோழிகளையும் இரவல் வாங்கி அவர் 52 குஞ்சுகளைப் பொரிப்பித்தார். பெட்டியிலிருந்த ஐந்து கிழமையில் இரண்டு குஞ்சுகளே இறந்தன. கார்த்திகை மாதத்தில் மிகுதி 50 குஞ்சுகளும் கொட்டிலுக்கு மாற்றப்பட்டன. கொட்டில் 8 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. பழைய கோழிகள் 14உம் முன்னரே அதற்குள் இருந்தன. மாரி பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் எச்சத்தில் இரத்தம் கண்டது. பத்தாம் நாள் முடிவதற்குள் 31 குஞ்சுகள் இறந்துவிட்டன.

அவர் என்மேற் குறை கூறவில்லை. "தம்பி, மரத்திலை கிடந்தபோது கீரி பிடிச்சதுதான், இப்பிடிக் கூட்டமாச் சாகேல்லை" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி அவ்வளவில் முன்னரும் இருந்தது. கோழியும் அதே கோழிதான். நான் மாற்றியது வளர்ப்பு முறையை மட்டுமே.

குஞ்சு எதிர்ப்பைப் பெறும் வழி

கோழிக்குஞ்சு உலகத்துக்கு வெறுங்கையோடு வருவதில்லை. தாய்க்கோழி தான் முன்னர் கண்ட நோய்களுக்கெதிராகத் தன் குருதியில் உண்டாக்கிய பிறபொருளெதிரிகளில் ஒரு பங்கை முட்டையின் மஞ்சட்கருவில் வைத்தனுப்புகின்றது. அது தாய் கொடுக்கும் சீதனம். ஆனால் நாளுக்கு நாள் குறைந்து, இரண்டு மூன்று கிழமையிற் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குள் குஞ்சு தன் சொந்த உழைப்பாற் பிறபொருளெதிரிகளை உண்டாக்கப் பழக வேண்டும்.

அப்பழக்கம் நடைபெறுவதற்கென ஓர் உறுப்பு உண்டு. கோழியின் எச்சவாயிலுக்குச் சற்று மேலே முதுகுப் பக்கமாக அமைந்துள்ள சிறு பை அது. பபிரீசியசு என்னும் பழைய இத்தாலிய உடலமைப்பறிஞரின் பெயரால் வழங்கும் இப்பையின் பயன் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விளங்காமலே இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் மாணவர்களுக்குப் பிறபொருளெதிரி உண்டாவதைச் செய்து காட்டும்பொருட்டு, இளமையில் இப்பை அகற்றப்பட்ட கோழிகளைத் தற்செயலாகப் பயன்படுத்தியபோது, அவற்றிற் பிறபொருளெதிரி உண்டாகவில்லை. அதைத் தொடர்ந்து செய்த ஆய்வைப் புரூசு கிளிக் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இப்பை முதல் இரண்டு மூன்று மாதங்களில் வளர்ந்து, பேடு முட்டையிடத் தொடங்கும் பருவத்திற் சுருங்கிவிடும். ஆகவே கோழியின் ஆயுள் முழுவதற்குமான பாடம் இந்த இளம் பருவத்திலேயே தொடங்குகின்றது. இப்பையைத் தாக்கும் கம்பரோ நோயிலிருந்து தப்பிய குஞ்சு, உயிரோடிருந்தாலும் படிக்க முடியாத பிள்ளையைப் போன்றது. பின்னர் கொடுக்கும் தடுப்பு மருந்தும் அதில் நன்கு பற்றாது.

மற்றொரு பாதுகாப்புக் குடலில் உண்டு. தாயோடு திரியும் குஞ்சு, தாயின் எச்சத்தைக் கொத்துவதை நாம் அருவருப்போடு பார்ப்போம். ஆனால் அவ்வாறு கொத்துகையில், வளர்ந்த கோழியின் குடலிலுள்ள நன்மை செய்யும் பற்றீரியாக்கள் குஞ்சின் குடலிற் குடியேறுகின்றன. முன்னரே குடியேறியவர் நிறைந்துள்ள இடத்திற் பின்வரும் தீய கிருமிக்கு இடமிராது. 1973இல் பின்லாந்து நாட்டு ஆய்வாளரான நூர்மியும் ரன்ரலாவும், வளர்ந்த கோழியின் குடற்பொருளைப் பெற்ற குஞ்சுகள் சலமொனெல்லா கிருமியைத் தடுத்து நிற்பதைக் காட்டினர். பொறியிற் பொரித்த குஞ்சுக்கு இந்த வாய்ப்பு இல்லை. தாயிடமிருந்து உடனே பிரித்துக் கம்பிப் பெட்டியில் வைத்த குஞ்சுக்கும் இல்லை. அந்த அம்மையாரின் 52 குஞ்சுகளிடமிருந்து நான் முதலிற் பறித்தது இதுவே.

ஒரே கிருமி, இருவேறு விளைவு

இரத்தக் கழிச்சல் கொக்சிடியா எனப்படும் நுண்ணிய ஒட்டுண்ணியால் உண்டாவது. அதன் முட்டைகள் கோழியின் எச்சத்தோடு வெளிவரும். வெளிவந்தவுடன் அவற்றால் தீங்கில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் ஒன்றுசேர்ந்தால், ஒன்றிரண்டு நாளில் அவை முதிர்ந்து தீங்கு செய்யும் நிலையை அடையும். அவ்வாறு முதிர்ந்தவற்றைக் குஞ்சு கொத்தி விழுங்கினால், ஒட்டுண்ணி குடற்சுவரினுட் புகுந்து பன்மடங்காகப் பெருகும். ஐந்து ஆறு நாட் கழித்துக் குடற்சுவர் சிதைந்து இரத்தம் வெளிப்படும்.

இங்கே கவனிக்க வேண்டியது விழுங்கிய முட்டைகளின் தொகை. திறந்த வளவில் எச்சம் பரந்த நிலத்திற் சிதறி விழுகின்றது. வெயில் அதை உலர்த்துகின்றது. தாயோடு மேயும் குஞ்சு நாளொன்றுக்குச் சில முட்டைகளையே விழுங்குகின்றது. அவை குடலிற் சிறிது தீங்கு செய்து, அதற்கெதிரான வலிமையையும் உண்டாக்கிவிடுகின்றன. மறுநாள் மேலும் சில, அதற்கு மறுநாள் மேலும் சில. இவ்வாறு சிறிது சிறிதாகப் பெற்ற குஞ்சு, ஓரிரு மாதத்தில் அந்நோய்க்கு அஞ்சாத கோழியாகின்றது. அதன் முகத்தைப் பார்த்து எவரும் அது நோயுற்றதென்று சொல்ல மாட்டார்.

கம்பிவலைத் தளத்தில் எச்சம் கீழே விழுந்துவிடும். குஞ்சு ஒரு முட்டையையும் விழுங்காது. ஐந்து கிழமைக்கு அது மிக நன்றாக வளரும், ஆனால் அந்நோயைப் பற்றி ஒன்றுமே கற்றிராது. அதன் பின்னர் 64 கோழிகள் 40 சதுர அடியில் நெருங்கி, மழைச்சாரலால் நனைந்த உமியின் மேல் நிற்கும்போது, ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை விழுங்கும். பழைய கோழிகள் 14உம் வளவில் வளர்ந்தவை. அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் அவற்றின் எச்சத்திலிருந்தே குஞ்சுகளுக்குக் கிருமி கிடைத்தது. எஞ்சிய 19 குஞ்சுகளுக்கு அதன் பின்னர் இரத்தக் கழிச்சல் வரவேயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவை மிக விலையுயர்ந்த பாடத்தைக் கற்றவை.

கொக்சிடியாவில் பல வகைகளுண்டு. ஒன்றுக்குப் பெற்ற எதிர்ப்பு மற்றொன்றுக்கு உதவாது. ஆதலாற் புதிய ஊரிலிருந்து வாங்கிய கோழி, தன் ஊரில் எவ்வளவு உறுதியாயிருந்தாலும், நம் வளவிற் சோர்ந்து போகலாம்.

திறந்த வளவு தருவதும் பறிப்பதும்

மேற்கூறியதைப் படிப்போர், கோழியை அவிழ்த்து விட்டுவிட்டாற் போதுமென எண்ணக்கூடும். அது தவறு. சிறிது சிறிதாகக் கற்பிக்கும் கிருமிகள் சில உண்டு. கற்பிக்காமலே கொல்லும் கிருமிகளும் உண்டு. இரண்டாவது வகையில் முதன்மையானது இராணிக்கேற்று நோய். 1926ஆம் ஆண்டில் யாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகர்ப்புறத்திலும் இது தோன்றியது. பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேற்று என்னும் ஊரிற் காணப்பட்டமையால் நம் பக்கங்களில் அப்பெயரைப் பெற்றது. பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளல் ஆகியன இதன் குறிகள். கடுமையான வகை வந்தால், முன்னர் எதிர்ப்புப் பெறாத கோழிகளில் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் இறக்கக்கூடும். ஊர்க்கோழியென்று அது விட்டுவைப்பதில்லை. திறந்த வளவிலோ அயல்வீட்டுக் கோழி வேலியால் நுழையும், சந்தையில் வாங்கிய சேவல் அன்றே கூட்டத்திற் சேரும், நோயுற்ற கோழியைப் பிரித்து வைக்க இடமிராது.

புழுக்களும் அவ்வாறே. மேயும் கோழியின் குடலில் உருண்டைப்புழு இல்லாதிருப்பது அரிது. சில புழுக்களைக் கோழி பொறுத்துக்கொள்ளும். மிகுதியானால் தீனியிற் பங்கைப் புழு கொள்வதோடு, இராணிக்கேற்றுத் தடுப்பு மருந்தின் பயனும் குறைகின்றதென ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. மருந்து போட்டும் கோழி செத்ததே என்று முறையிடுவோரிடம், புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. மாரிக்காலத்தில் நுளம்பு பெருகும்போது கோழியம்மையும் பரவும்.

வெளியே மேயும் ஊர்க்கோழியின் குருதியைச் சோதித்தாற் பல நோய்களுக்கெதிரான பிறபொருளெதிரிகள் காணப்படுவது வழக்கம். இதைக் கண்டு, வெளியே மேயும் கோழியே உறுதியானது எனச் சிலர் முடிவு கட்டுவர். அக்குருதி நமக்குச் சொல்வது, கோழி அந்நோயைச் சந்தித்துப் பிழைத்தது என்பதையே. சந்தித்துப் பிழைக்காத கோழியின் குருதி சோதனைக்கு வருவதில்லை.

அடைப்பு முறையிலுள்ள இடர்கள்

அடைத்து வளர்ப்பதிலும் பெரு நன்மைகளுண்டு. கீரியும் பருந்தும் நெருங்கா. தீனி அளந்து போடலாம். அயற்கோழி உள்ளே வராது. நோயுற்றதை அன்றே காணலாம். ஆயினும் கொட்டிலின் காற்று கெட்டால் இவையனைத்தும் பயனற்றுப்போகும். ஈரமான கூளத்தில் எச்சம் புளித்து அமோனியா எழுகின்றது. கோழியின் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிர்கள் இடைவிடாது அசைந்து, தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்றன. அமோனியா அம்மயிர்களைச் செயலிழக்கச் செய்கின்றது. பத்து இலட்சம் பங்கு காற்றில் 20 பங்கு அமோனியா இருந்த இடத்தில் மூன்று நாள் வைக்கப்பட்ட கோழிகள், இராணிக்கேற்றுக் கிருமிக்கு எளிதில் இரையாயினவென்று 1964ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அளவுகருவி ஒன்றும் நமக்குத் தேவையில்லை. கொட்டிலுக்குட் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுங்கள். கண் கரித்தாற் கோழிக்கு அளவு மிஞ்சிவிட்டது. நின்றபடி முகர்ந்து பார்த்து நன்றாயிருக்கிறதென்று சொல்வது பயனற்றது.

நெருக்கத்தால் வரும் தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. இடம் போதாத கோழி ஒன்றையொன்று கொத்தும். வலிமை குறைந்தது தீனித் தொட்டியை அணுக அஞ்சி மூலையில் நிற்கும். அவ்வாறு அஞ்சி நிற்கும் கோழியின் உடலிற் சுரக்கும் ஓமோன், நோயோடு போரிடும் குழியங்களின் தொகையையே மாற்றிவிடுகின்றது. குருதியிலுள்ள இருவகை வெண்குழியங்களின் விகிதத்தை எண்ணிக் கோழி படும் துன்பத்தை அளக்கலாமென 1983இல் குரோசு, சீகல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் காட்டினர். ஊர்க்கோழி பரந்து திரியப் பழகியது, சேவல்கள் சண்டைக் குணமுள்ளவை. ஆகவே சீமைக்கோழி பொறுத்துக்கொள்ளும் நெருக்கத்தை அது பொறுக்காது. தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் அடைக்கப்பட்ட கோழி, இரை எடுக்காமல் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருப்பதை எல்லோரும் கண்டிருப்பர். அக்கோழிக்கு அன்று எந்த மருந்தையும் கொடுக்க வேண்டாம்.

கூண்டு முறையைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. கூண்டிற் புழுவும் கொக்சிடியாவும் குறையும். ஆனால் ஊர்க்கோழி கூண்டில் அமைதியாயிராது. கூண்டில் வளர்ந்ததைப் பின்னர் நிலத்தில் விட்டால் மேற்கூறிய கொட்டிலின் கதையே நடக்கும். ஊர்க்கோழிக்கு இம்முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

தீனி

மேயும் கோழி கறையானையும் புழு பூச்சியையும் இளம் புல்லையும் தானே தேடிக்கொள்கின்றது. அடைத்துவிட்டால் அத்தேடலை நாமே செய்ய வேண்டும். பிறபொருளெதிரி என்பதும் புரதமே. குறுணலையும் தவிட்டையும் மட்டும் உண்ணும் கோழி அதை எதனைக்கொண்டு ஆக்கும்? கருவாட்டுத் தூளோ கறையானோ புண்ணாக்கோ சேர வேண்டும். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தோல் தடித்துக் கிருமிக்கு வழி விடும். முருங்கையிலையும் அகத்தியிலையும் இல்லாத வளவு நம் பகுதிகளிற் குறைவு. ஒரு கட்டு இலையைக் கோழியின் தலைக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிட்டால், எட்டிக் கொத்துவதில் ஒன்றையொன்று கொத்துவதையும் மறந்திருக்கும்.

புண்ணாக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. காரணத்தைத் தேடியபோது, தீனியிற் சேர்த்த நிலக்கடலைப் புண்ணாக்கிற் பிடித்திருந்த பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு கண்டறியப்பட்டது. அதுவே அபிளாற்றொட்சின் எனப்படுவது. மிகுந்த அளவில் அது ஈரலைக் கெடுத்துக் கொல்லும். சிறிய அளவில் எந்தக் குறியுமின்றி நோயெதிர்ப்பைக் குறைத்துவிடும். மாரிக்காலத்தில் நிலத்தில் வைத்த சோளமும் தேங்காய்ப் புண்ணாக்கும் எளிதிற் பூஞ்சணம் பிடிக்கும். மனிதர் உண்ண முடியாததைக் கோழிக்குப் போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பழஞ்சோற்றுக்கு அது பொருந்தும். பூஞ்சணம் பிடித்த சோளத்துக்குப் பொருந்தாது. வெயிலிற் காய வைத்தாலும் அந்நஞ்சு நீங்கிவிடாது. அதை எரித்துவிடுங்கள்.

அரை அடைப்பு முறை

இரு முறைகளின் நன்மையையும் இயன்றவரை ஒன்றுசேர்ப்பது அரை அடைப்பு முறை. இரவிற் கொட்டில், பகலில் வேலியிட்ட வளவு. இழப்பின் பின்னர் அந்த அம்மையாரும் நானும் சேர்ந்து அமைத்தது இதுவே. அதை இங்கே விரித்துக் கூறுகிறேன்.

முதலில் எண்ணிக்கையைக் குறைத்தோம். நிலத்திற் கூளம் பரப்பிய கொட்டிலில் வளர்ந்த கோழியொன்றுக்கு 2 சதுர அடியாவது வேண்டும். ஆகவே 40 சதுர அடிக் கொட்டிலுக்கு 20 கோழிகளே பொருந்தும். அவர் முதிர்ந்த பேடுகளையும் மேலதிகச் சேவல்களையும் விற்று, 20ஐ வைத்துக்கொண்டார். அப்பணத்தில் தாழ்வாரத்தை மூன்று அடி நீட்டி மழைச்சாரலைத் தடுத்தோம். தரையை நிலமட்டத்திலிருந்து ஓரடி உயர்த்தினோம். உமியை 4 அங்குலத் தடிப்புக்குப் பரப்பி, கிழமைக்கு இருமுறை கிளறிவிட்டோம். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கி விரிக்கும்போது அது உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் மிகுதி, முற்றாகத் தூசியாய்ப் பறந்தால் வறட்சி மிகுதி. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சிறு கல்லடுக்கின் மேல் வைத்ததால் அதைச் சுற்றிய ஈரமும் குறைந்தது. உள்ளே பூவரசந் தடிகளைக் குறுக்கே கட்டி, மரத்தில் தங்கிப் பழகிய கோழிகள் ஏறியிருக்க இடஞ்செய்தோம்.

வளவை வேலியால் இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கத்தில் ஒரு மாதம் மேய்ந்தால், மற்றப் பக்கம் வெயிலிற் காயும். ஒட்டுண்ணி முட்டைகள் எல்லாம் அழிந்துவிடுமென்று சொல்ல முடியாது. ஆனால் தொகை குறையும். தொகை குறைவதே நமக்கு வேண்டியது.

குஞ்சுகளைத் தாயோடு விட்டோம். இதுவே நான் முன்னர் கூறியதற்கு நேர்மாறானது. முதல் இரண்டு கிழமை தாயும் குஞ்சும் ஒரு பெரிய கூடையின் கீழ், உலர்ந்த நிலத்தின்மேல் இருந்தன. கூடையை நாள்தோறும் ஒரு முழம் நகர்த்தி வைத்தார். கீரியும் காகமும் தொட முடியவில்லை, குஞ்சுகள் நிலத்தைத் தொட்டன. மூன்றாம் கிழமை முதல் தாயோடு வேலிக்குள் மேய்ந்தன. இரண்டு மாதமாகும்வரை பெரிய கோழிகளின் கொட்டிலில் அவற்றைச் சேர்க்கவில்லை. எச்சத்தில் இரத்தம் கண்டால் உடனே மிருக வைத்திய அலுவலகத்துக்கு வரும்படி சொல்லியிருந்தேன். நீரிற் கலந்து கொடுக்க நல்ல மருந்துண்டு, ஆனால் முதல் நாளிலேயே கொடுக்க வேண்டும். அவ்வாண்டு அதற்குத் தேவை ஏற்படவில்லை.

வெளியிலிருந்து வாங்கும் கோழியை மூன்று கிழமை தனியே வைத்துப் பார்த்த பின்னரே சேர்த்தார். உறவினர் கொடுத்த சேவலுக்கும் அதே விதி. இதனாற் சில மனத்தாங்கல்கள் உண்டானதாக அறிகிறேன்.

தடுப்பு மருந்து

எந்த முறையில் வளர்த்தாலும் இராணிக்கேற்றுக்குத் தடுப்பு மருந்து போடுவதைத் தவிர்க்க முடியாது. முதல் மருந்தைக் குஞ்சு பொரித்த உடனே போடாமல் சில நாட் பொறுப்பதன் காரணம் இப்போது விளங்கும். தாய் கொடுத்த சீதனம் மிகுந்திருக்கையில், அது நோய்க் கிருமியை அழிப்பதுபோல மருந்திலுள்ள வலிகுறைந்த கிருமியையும் அழித்துவிடும். ஒரு முறை போட்டது ஆயுளுக்குப் போதாது. எந்நாளில் எந்த மருந்து என்பதை அந்தந்தப் பகுதி மிருக வைத்தியர் கூறுவார். புழு மருந்தை அதற்கு இரண்டு கிழமை முன்னதாகக் கொடுத்துவிடுவது நன்று. சோர்ந்து தூங்கும் கோழிக்குத் தடுப்பு மருந்து போடலாகாது.

பண்ணைகளில் மருந்தைக் குடிநீரிற் கலப்பர். ஊர்க்கோழிக்கு அது பொருந்தாது. மேயும் கோழி எந்தக் குட்டையிற் குடித்ததென்று யார் அறிவார்? குளோரீன் கலந்த குழாய்நீரும் மருந்தைக் கெடுத்துவிடும். ஆகவே கண்ணில் ஒரு துளி விடுவதே நம்பத்தக்கது. தலையைச் சரித்துப் பிடித்து, துளி கண்ணிற் பரவி அது ஒருமுறை இமைக்கும்வரை விடாதிருக்க வேண்டும்.

சாதாரண மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வெப்பத்தைத் தாங்கும் மருந்தொன்றை அவுத்திரேலியாவின் குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினர். தன்சானியா, மொசாம்பிக்கு முதலிய நாடுகளின் கிராமங்களில் அது கண்துளியாகப் பயன்பட்டு வருகின்றது. குளிர்ச்சாதனமுள்ள அலுவலகத்திலிருந்து கிராமத்துக்கு மருந்தைக் கொண்டுவர நமக்குப் பனிக்கட்டி இட்ட போத்தற் பெட்டி போதும். இடர் வேறிடத்தில் உள்ளது. ஒரு குப்பியிலுள்ள மருந்து நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலுமோ போதுமாயிருக்கும். கரைத்த பின்னர் இரண்டு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இருபது கோழி வைத்திருப்பவர் தனியே அதை வாங்கினால் மிகுதி வீணாகும். அதனாலேயே பலர் போடாமல் விடுகின்றனர்.

ஆகவே ஐந்தாறு வீட்டார் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடியுமுன், கோழிகள் இறங்குவதற்கு முன்னர் தொடங்கினால் ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். மரத்தில் தங்கும் கோழியை அந்நேரத்திற் பிடிக்க முடியாது. கொட்டிலிலே தங்கப் பழகிய கோழியைச் சிறு பிள்ளையும் பிடித்துத் தரும். அந்த அம்மையாரின் வளவில் இப்போது அப்பணியைச் செய்பவள் அவருடைய கடைசி மகள். ஒரு கையில் விளக்கும் மறுகையிற் கோழியுமாக, எந்தக் கோழிக்குப் போட்டாயிற்று என்பதைக் காலிற் கட்டிய சிவப்பு நூலைப் பார்த்துச் சொல்கிறாள்.